முதல் தளிர், முதல் கீரை: சீனத்து வசந்த உணவு



சீன மரபு மருத்துவம் வசந்த காலத்தில் என்ன சாப்பிடச் சொல்கிறது? ஏன் அப்படிச் சொல்கிறது? இந்த இரண்டு கேள்விகளையும் எடுத்துக்கொண்டுதான் இன்று உங்கள் முன் நிற்கிறேன். முதல் கேள்விக்கு விடை சொல்வது எளிது. கீரை, தளிர், குருத்து, கொஞ்சம் காரம், குறைவான புளிப்பு என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். இரண்டாவது கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. அதற்குள் போனால் வானநூல் வரும், அரசவை வரும், மடாலயம் வரும். கடைசியில் பசி வந்து நிற்கும். அந்தப் பசியைப் புரிந்துகொள்ளாமல் இந்த உணவு முறையைப் புரிந்துகொள்ள முடியாது. நான் சொல்ல வந்ததும் அதுதான்.

முதலில், வசந்தம் எப்போது தொடங்குகிறது? பூப்பூத்த பிறகா? குயில் கூவிய பிறகா? சீனப் பஞ்சாங்கத்தில் இல்லை. அங்கே வசந்தம் பிப்ரவரி 4-ஆம் தேதியை ஒட்டித் தொடங்கிவிடும். அந்த நாளுக்கு லிச்சுன் என்று பெயர். அன்றைக்குப் பெய்ஜிங்கில் போய் நின்றால் ஏரியெல்லாம் உறைந்து கிடக்கும்; மரத்தில் ஓர் இலை இருக்காது. இதையா வசந்தம் என்கிறீர்கள் என்று கேட்கத் தோன்றும். ஆனால் அவர்கள் கணக்கு மரத்தைப் பார்த்துப் போட்டதில்லை, சூரியனைப் பார்த்துப் போட்டது. சூரியன் வானில் செல்லும் வட்டத்தைப் பதினைந்து பதினைந்து பாகையாக வெட்டி, ஆண்டை 24 பருவக் கூறுகளாகப் பிரித்தார்கள். யுனெஸ்கோ 2016-இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது இந்த 24 கூறுகளைத்தான். நம் சித்திரையும் தையும் சூரியனை வைத்தே கணக்கிடப்படுவதால், நமக்கு இது புரியக்கூடிய கணக்குதான்.

இந்த 24-இல் ஆறு வசந்தத்துக்கு உரியவை. லிச்சுன், வசந்தம் தொடங்கும் நாள். யூஷுய், பனி போய் மழை வரும் நாள். ஜிங்ஜே, மண்ணுக்குள் உறங்கிய பூச்சிகள் விழிக்கும் நாள். சுன்ஃபென், பகலும் இரவும் சமமாகும் நாள். சிங்மிங், வானம் தெளிந்து முன்னோரின் கல்லறைக்குப் போகும் நாள். கூயூ, பயிருக்கான மழை நாள். பிப்ரவரி தொடக்கத்திலிருந்து மே தொடக்கம் வரை, பதினைந்து நாளுக்கு ஒரு படி. இந்த ஆறு படிகளிலும் தட்டில் இருப்பது மாறிக்கொண்டே வரும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 'வசந்த உணவு' என்று ஒரே ஒரு உணவு கிடையாது.

இனி மருத்துவத்துக்கு வருவோம். சீன மருத்துவத்தில் மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என ஐந்து உண்டு. நம் ஐம்பூதங்களை நினைத்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இதில் காற்றும் இல்லை, ஆகாயமும் இல்லை. இவை ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும், ஒன்றை ஒன்று அடக்கும். வசந்தம் மரத்தின் காலம். மரத்துக்கு உரிய உறுப்பு கல்லீரல். உரிய நிறம் பச்சை. உரிய சுவை புளிப்பு. உரிய உணர்ச்சி கோபம். கண்ணும் தசைநாரும் அதன் ஆட்சிக்கு உட்பட்டவை. உரிய தட்பவெப்பம் காற்று. வட சீனத்தில் மார்ச் மாதக் காற்றில் ஒருமுறை நின்றவர்கள், ஏன் காற்றை வசந்தத்தோடு சேர்த்தார்கள் என்று கேட்கவே மாட்டார்கள். கோபி பாலைவனத்துப் புழுதி அப்படியே முகத்தில் வந்து அறையும்.

அவர்கள் கல்லீரல் என்று சொல்வது, நம் மருத்துவமனை ஸ்கேனில் தெரியும் கல்லீரல் மட்டுமில்லை. உடம்பிலே உயிராற்றல் தங்குதடையின்றி ஓடுவதற்குப் பொறுப்பான ஒரு தலைமைப் பணியை அந்தப் பெயரால் சொல்கிறார்கள். குளிர்காலத்தில் சுருங்கிக் கிடந்த ஆற்றல் வசந்தத்தில் மேலே எழுகிறது. எழும்போது தடைப்பட்டால் எரிச்சல் வரும், தலை பாரமாகும், மார்பு இறுகும், பகலில் தூக்கம் சொக்கும். இது அவர்களது விளக்கம்.

சரி, புளிப்பு கல்லீரலின் சுவை, கல்லீரல் வசந்தத்தின் உறுப்பு. அப்படியென்றால் வசந்தத்தில் புளிப்பு நிறையச் சாப்பிட வேண்டும் அல்லவா?

இங்கேதான் எனக்கு இந்த மரபின் மேல் மதிப்பு கூடுகிறது. ஆம் என்கிறது ஒரு பழைய நூல். இல்லை என்கிறார் பின்னால் வந்த ஒரு மருத்துவர். சோவ் மன்னராட்சியின் அலுவலர்களைப் பட்டியலிடும் 'சோவ் லி' என்ற நூலில் நான்கு வகை மருத்துவர்கள் வருகிறார்கள். நோய் பார்ப்பவர், புண் பார்ப்பவர், விலங்கு பார்ப்பவர், இவர்களுக்கெல்லாம் முன்னால் உணவு மருத்துவர்! அரசனின் சாப்பாட்டை நோய் வருவதற்கு முன்பே கவனிக்க ஓர் அதிகாரி. அவர் வசந்தத்தில் புளிப்பைக் கூட்ட வேண்டும், கோடையில் கசப்பை, இலையுதிர் காலத்தில் காரத்தை, குளிர்காலத்தில் உப்பைக் கூட்ட வேண்டும் என்கிறது அந்த நூல். இன்னொரு நுட்பமும் அதில் உண்டு. சோறு வசந்தத்தைப் போல வெதுவெதுப்பாகவும், குழம்பு கோடையைப் போலச் சூடாகவும், கூட்டுச் சாறுகள் இலையுதிர் காலத்தைப் போலக் குளுமையாகவும், பானம் குளிர்காலத்தைப் போலத் தண்ணென்றும் இருக்க வேண்டுமாம். நான்கு பருவமும் ஒரே வேளைச் சாப்பாட்டில் வந்துவிடுகிறது. சமைப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நூற்றாண்டுகள் பல கழிகின்றன. தாங் பேரரசின் காலத்தில் சுன் சிமியாவ் வருகிறார். இன்றைய ஷென்சி (Shaanxi) மாநிலத்துக்காரர். சிறு வயதில் ஓயாத நோய். வைத்தியச் செலவிலேயே வீட்டுச் சொத்து கரைந்துபோனது. அந்தப் பிள்ளைதான் வளர்ந்து, 652-ஐ ஒட்டி, ஆயிரம் பொன் பெறும் மருந்துகள் என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு பெருநூலை எழுதினார். ஓர் உயிர் ஆயிரம் பொன்னைவிட விலை கூடியது, அதைக் காக்கும் மருந்தும் அப்படியே என்பது அவர் கருத்து. அந்த நூலில் உணவு மருத்துவத்துக்கென்றே ஒரு தனிப் பகுதி இருக்கிறது. மருத்துவன் முதலில் நோயின் மூலத்தை அறிய வேண்டும், பிறகு உணவால் தீர்க்கப் பார்க்க வேண்டும், உணவால் தீராவிட்டால்தான் மருந்தைத் தொட வேண்டும் என்று வரிசை வகுத்தவர் அவர்.

அந்த மனிதர் வசந்தத்துக்குச் சொன்னது என்ன? புளிப்பைக் குறை, இனிப்பைக் கூட்டு, மண்ணீரலைப் பேணு. முன்னோர் சொன்னதற்கு நேர் எதிர்! ஏன்? வசந்தத்தில் கல்லீரல் தானாகவே பலம் பெற்றுவிடுகிறது. மரம் மண்ணைத் துளைத்து வேரோடும். அதுபோலக் கல்லீரல் வலுத்தால் மண்ணுக்குரிய மண்ணீரலை, அதாவது செரிமானத்தை, நெருக்கும். பலசாலிக்கு மேலும் தீனி போடுவானேன்? துடுக்கான பிள்ளை தானே எடுத்துச் சாப்பிட்டுவிடும் என்று விட்டுவிட்டு, சாதுவான பிள்ளைக்கு ஒரு கவளம் கூடுதலாக ஊட்டுகிற தாயின் கணக்கு இது. மண்ணீரலின் சுவை இனிப்பு. ஆகவே இனிப்பு.

இனிப்பு என்றதும் லட்டையும் ஜிலேபியையும் நினைத்துவிடாதீர்கள். அவர்கள் சொல்லும் இனிப்பு அரிசியில் இருக்கிறது, தினையில் இருக்கிறது, ஷான்யாவ் என்ற வெள்ளைக் கிழங்கில் இருக்கிறது, செந்நிறப் பேரீச்சை போலத் தோன்றும் இலந்தைப் பழத்தில் இருக்கிறது. வாயில் மெல்ல மெல்ல வரும் இனிப்பு. ஷான்யாவையும் இலந்தையையும் போட்டுக் காய்ச்சிய கஞ்சிதான் வசந்தத்துக்கு இன்றைக்கும் எல்லாரும் சொல்லும் பக்குவம். நம் இலந்தையும் அந்த இலந்தையும் ஒரே பேரினம். அவர்களுடையது சதைப்பற்று மிக்கது, உலர்த்தினால் கருஞ்சிவப்பாகச் சுருங்கும்.

இதோடு முடியவில்லை. யுவான் பேரரசின் அரண்மனையில் உணவுப் பொறுப்பில் இருந்த ஹு சிஹுய், 1330-இல் மன்னருக்குச் சமர்ப்பித்த நூலில் வசந்தத்துக்குக் கோதுமையைச் சொன்னார். வசந்தம் வெதுவெதுப்பானது, கோதுமை குளிர்ச்சியானது, ஒன்றையொன்று ஈடுசெய்யும் என்பது அவர் காரணம். ஒருவர் புளிப்பு என்கிறார், ஒருவர் இனிப்பு என்கிறார், ஒருவர் கோதுமை என்கிறார். ஈராயிரம் ஆண்டாக மாறாத ஒரே வேதம் என்று யாராவது சீன மருத்துவத்தைப் பற்றி உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அது வாதம் செய்து வளர்ந்த மரபு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மருத்துவத்தின் மூலநூலான 'ஹுவாங்டி நெய்ஜிங்' ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்டது. அதில் நான்கு பருவங்களுக்கும் எப்படி வாழ வேண்டும் என்று ஓர் இயல் உண்டு. வசந்தப் பத்தியில் என்ன இருக்கிறது தெரியுமா? இரவு சற்றுத் தாமதமாகப் படு, விடியலில் எழு. முற்றத்தில் நீண்ட அடி வைத்து நட. முடியை அவிழ்த்துவிடு, உடையைத் தளர்த்து. கொல்லாதே, உயிர் வளரவிடு. பறிக்காதே, கொடு. தண்டிக்காதே, பரிசளி. இவ்வளவுதான் அதன் சாரம். சாப்பாட்டைப் பற்றி அந்தப் பத்தியில் ஒரு சொல்கூட இல்லை! அப்படியானால் இந்தக் கீரைகளும் தளிர்களும் எங்கிருந்து வந்தன? நூலிலிருந்து வரவில்லை. வயலோரத்திலிருந்து வந்தன, அடுப்படியிலிருந்து வந்தன. நூல் எழுதியவர்கள் பின்னால் வந்து காரணம் சொன்னார்கள்.

லிச்சுன் அன்று வட சீனத்து வீடுகளில் ஒரு பச்சை முள்ளங்கியை எடுத்துக் கடிப்பார்கள். வசந்தத்தைக் கடிப்பது என்றே அதற்குப் பெயர். பனி உறைந்த காலையில் முள்ளங்கியின் காரம் மூக்கில் ஏறினால் தூக்கம் போய்விடும். அதே நாளில் 'ஐந்து காரத் தட்டு' என்று ஒன்றும் பழங்காலத்தில் உண்டு. பதினாறாம் நூற்றாண்டில், இருபத்தேழு ஆண்டுகள் உழைத்து 1578-இல் 'பென்சாவ் காங்மு' என்ற மூலிகைப் பேரகராதியை எழுதி முடித்தாரே லி ஷிசென், அவர் இந்தத் தட்டைப் பற்றிக் குறித்திருக்கிறார். வெங்காயம், பூண்டு, ஜியுசாய், கடுகுக்கீரை போன்ற இளங்காரங்களைக் கலந்து புத்தாண்டிலும் லிச்சுன் நாளிலும் சாப்பிடுவது. காரம் உள்ளே அடைபட்டதைத் திறக்கும், மேலே எழுப்பும், வெளியே தள்ளும் என்பது மருத்துவக் காரணம்.

இந்தக் காரங்களை மெல்லிய கோதுமை அப்பத்தில் சுருட்டித் தின்றார்கள். அந்தச் சுருட்டிய அப்பம் காலப்போக்கில் எண்ணெயில் விழுந்து பொரிந்தது. நம் ஊர் உணவகங்களில் ஆண்டு முழுக்கக் கிடைக்கிற ஸ்பிரிங் ரோலின் மூதாதை அதுதான். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் நம்மவர்கள் விரும்பிச் சாப்பிடும் பொப்பியாவும் ஃபூஜியன் மாநிலத்திலிருந்து கப்பலேறிப் போன அதே வசந்த அப்பம்தான். பருவத்தின் உணவு பருவத்தை இழந்து உலகம் சுற்றுகிறது.

ஒரு முரணையும் பாருங்கள். வீட்டில் மருந்தென்று தின்ற அதே பூண்டையும் வெங்காய இனங்களையும், தெருவுக்கு அப்பால் இருந்த புத்த மடாலயத்தில் அறவே விலக்கினார்கள். பச்சையாகத் தின்றால் கோபம் வரும், வேகவைத்துத் தின்றால் காமம் வரும் என்பது மடத்தின் நம்பிக்கை. மேலே எழுப்பும் என்பதில் இருவருக்கும் வேறுபாடு இல்லை! உழவனுக்கு எழ வேண்டியிருந்தது, துறவிக்கு அடங்க வேண்டியிருந்தது. இந்தியாவுக்குக் கடல்வழி வந்து நாளந்தாவில் படித்த சீனத் துறவி இத்சிங், 671 முதல் 695 வரை நீண்ட பயணத்தில், இந்தியர்கள் வெங்காயம் தின்பதில்லை என்றும், உடம்புக்கு முடியாவிட்டால் முதலில் பட்டினி கிடக்கிறார்கள் என்றும் வியந்து எழுதினார். லங்கணம் பரம ஔஷதம் என்று நம் பாட்டிமார் சொன்னதை அவர் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஏட்டில் ஏற்றிவிட்டார்.

ஜியுசாய் என்றேனே, அதைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். வெங்காயத்தாளைப் போல இருக்கும், ஆனால் இலை தட்டை. பூண்டு வாசம் வீசும். ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் அறுத்துக்கொண்டே இருக்கலாம். குளிர்காலம் முழுக்க வேருக்குள் சேர்த்துவைத்ததை எல்லாம் வசந்தத்தின் முதல் அறுப்பில் கொட்டிக் கொடுத்துவிடும். அடியில் ஊதா படர்ந்த அந்த முதல் அறுப்புக்கு ஈடில்லை. அதே செடி வசந்தத்தில் மணக்கும், கோடையில் நாறும் என்பது சீனத்து ஊர்ப்பேச்சு. வெப்ப குணம் உடையது, ஆகவே குளிர் விலகாத பிப்ரவரிக்கும் மார்ச்சுக்கும் பொருத்தம் என்பது வைத்தியர் பேச்சு.

தூ ஃபூ என்ற மகாகவி 759-இல், உள்நாட்டுப் போர் நாட்டைச் சிதைத்துக்கொண்டிருந்தபோது, இருபது ஆண்டுகளாகப் பார்க்காத ஒரு நண்பர் வீட்டுக்குப் போகிறார். பிரிந்தபோது நண்பருக்குத் திருமணமே ஆகவில்லை. இப்போது பிள்ளைகள் வரிசையாக வந்து நிற்கிறார்கள். இரவு மழை பெய்கிறது. அந்த மழையில் போய் நண்பர் வீட்டார் ஜியுசாய் அறுத்துவருகிறார்கள். தினை கலந்து புதிதாகச் சோறு வடிக்கிறார்கள். போர்க்காலத்தில், எதிர்பாராமல் வந்த விருந்தாளிக்கு, ஒரு நடுத்தர வீட்டில் அவ்வளவுதான் இருந்தது. கவிதையில் அது நிலைத்துவிட்டது. இந்தச் சாப்பாட்டில் மருத்துவ நூல் சொல்வது இரண்டும் இருக்கிறதே, கவனித்தீர்களா? எழுப்புகிற காரம், தாங்குகிற தானிய இனிப்பு. அவர்கள் வைத்தியரைக் கேட்டா சமைத்தார்கள்? கொல்லையில் அதுதான் முளைத்திருந்தது.

இப்போது ஷாங்காய்க்கு வாருங்கள். மார்ச் மாதக் காலைச் சந்தை. ஒரு மூதாட்டி முக்காலியில் உட்கார்ந்து ஜிசாய் கீரையை ஆய்ந்துகொண்டிருப்பார். ஜிசாய் தரையோடு தரையாகப் படர்ந்து முளைக்கும் காட்டுக்கீரை. ஓரம் வெட்டுப்பட்ட சிறு இலைகள், வெள்ளை வேர், வேரிலே விடாப்பிடியாக மண். பழுத்த இலையைக் கிள்ளி எறிவார், வேரை மட்டும் எறியமாட்டார். மணம் வேரில்தான் அதிகம் என்பார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் நான்கைந்து தண்ணீரில் அலசினால்தான் மண் போகும். கொதிநீரில் போட்டு எடுத்தவுடன் பச்சை பளீரென்று எழும். குளிர்ந்த நீரில் முக்கி, இரு கையாலும் பிழிந்து, பொடியாக அரிந்து, கொத்திய பன்றி இறைச்சியோடும் கொஞ்சம் இஞ்சியோடும் நல்லெண்ணெயோடும் பிசைவார்கள். அதைச் சதுர மாவுத்தாளில் வைத்து மடித்தால் வான்டன். கொதிக்கும் சாற்றில் போட்டால் மூழ்கும், வெந்ததும் மிதக்கும். மெல்லிய மாவுக்குள் பச்சை தெரியும். ஹூபெய் மாநிலத்தில் இதே கீரையைச் சந்திர நாட்காட்டியின் மூன்றாம் மாதம் மூன்றாம் நாளில், பூவும் தண்டுமாகக் கட்டிப் பானையில் போட்டு, அதோடு முட்டை அவிப்பார்கள். அன்று அந்த முட்டை தின்றால் ஆண்டு முழுக்கத் தலைவலி, தலைசுற்றல் வராது என்று நம்பிக்கை. கல்லீரலைக் குளிர்விக்கும், கண்ணைத் தெளிவிக்கும் என்று மருத்துவமும் அதை ஆமோதிக்கிறது.

நண்பர்களே, கேட்கக் கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் இந்தக் காட்டுக்கீரைகளை மக்கள் ஏன் தேடிப் போனார்கள்? ருசிக்காகவா? மருத்துவர் சொன்னதற்காகவா?

உழவரின் ஆண்டை எண்ணிப் பாருங்கள். இலையுதிர் காலத்தில் அறுத்த தானியம் குளிர்காலம் முழுக்கச் சாப்பிட்டுத் தீரும் நேரம் வசந்தம். குளிர்காலக் கோதுமை மே, ஜூனில்தான் முற்றும். நடுவிலே குதிர் காலி, வயல் பச்சை. பார்க்க அழகு, வயிற்றுக்கு ஒன்றுமில்லை. வசந்தப் பஞ்சம் என்று சீன வரலாறு நெடுகக் கேட்கும் குரல் இதுதான். பூவைப் பார்த்துப் பாடல் எழுதியவன் மாளிகையில் இருந்தான். பூப்பதற்கு முன்னால் அதே செடியைப் பறித்துத் தின்றவள் குடிசையில் இருந்தாள்.

1344-இல் ஒரு பஞ்சம். பின்னாலேயே கொள்ளைநோய். ஓர் ஏழை உழவர் குடும்பத்தில் தந்தையும் தாயும் அண்ணனும் அடுத்தடுத்து இறந்தார்கள். மிஞ்சிய சிறுவன் மடாலயத்தில் அடைக்கலம் புகுந்தான், பிச்சையெடுத்தான், பின்னர் கிளர்ச்சிப் படையில் சேர்ந்தான், 1368-இல் சீனப் பேரரசனாக முடிசூடினான். மிங் வம்சத்தை நிறுவிய சூ யுவான்சாங் அவர்தான். அவருடைய மகன்களில் ஒருவர் இளவரசர் சூ சூ. கைஃபெங் நகரில் தோட்டம் போட்டு, காட்டுச் செடிகளைக் கொண்டுவந்து நட்டு, வளர்வதைப் பார்த்து, 1406-இல் ஒரு நூல் வெளியிட்டார். பஞ்சத்தில் உயிர் காக்கும் செடிகளின் நூல். 414 செடிகள். ஒவ்வொன்றுக்கும் படம். எங்கே முளைக்கும், இலை எப்படி, எந்தப் பகுதியைத் தின்னலாம். பின் சமைக்கும் முறை: இளந்தளிரைப் பறித்து வேகவை, நீரில் ஊறவைத்துக் கசப்பைப் போக்கு, எண்ணெயும் உப்பும் சேர்த்துத் தின். பக்கத்துக்குப் பக்கம் இதே மாதிரிச் சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. பசித்தவன் கையில் இருப்பது அவ்வளவுதானே! தந்தையின் பட்டினியை மகன் அறிவியலாக்கினான் என்று நான் நினைக்கிறேன். உலகத்து மருத்துவ நூல்களிலே நான் தலைவணங்கும் நூல் இது.

இன்று உயர்ந்த விலைக்கு விற்கும் வசந்தக் கீரைகளில் பல, ஒரு காலத்தில் வேறு வழியில்லாதவர்களின் உணவு. எது தின்னலாம், எது கொல்லும், எதை வேகவைத்தால் நஞ்சு போகும் என்று உடம்பால் சோதித்துக் கண்டுபிடித்தவர்களின் பெயர் எந்த நூலிலும் இல்லை.

சியாங்சுன் தளிரையே எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரு மரம். வேப்பமரத்தின் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. கிளை நுனியில் செந்நிறத் தளிர் விடும். நீண்ட கழியில் கொக்கி கட்டி முறித்தெடுப்பார்கள். பூண்டும் மிளகும் கலந்ததுபோல் ஒரு கடுமணம். முட்டையோடு கலந்து வதக்கினால் வீடெல்லாம் மணக்கும். கூயூவுக்கு முன்னால் பட்டு, பின்னால் விறகு என்பார்கள். அவ்வளவு குறுகிய பருவம். முற்ற முற்ற அதில் நைட்ரேட், நைட்ரைட் உப்புகள் ஏறும் என்று இன்றைய வேதியியல் சொல்கிறது. இளசாகப் பறி, கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடு என்பது இன்றைய அறிவுரை. பாட்டிமார் வேதியியல் படிக்காமலேயே இரண்டையும் செய்துவந்தார்கள். மூங்கில் குருத்தும் அப்படியே. பச்சையாகத் தின்றால் கேடு. முன்கூட்டியே வேகவைத்து நீரைக் கொட்டிய பிறகுதான் சமையலுக்கு வரும்.

இதுவரை நான் சொன்னதெல்லாம் வடக்கும் யாங்சி ஆற்றுப் பகுதியும். தெற்கே குவாங்தோங்குக்குப் போனால் எல்லாமே தலைகீழ். அங்கே வசந்தத்தில் தென்கடலின் ஈரக்காற்று வந்து, குளிர்ந்துபோன சுவர்களிலும் தரையிலும் நீராகப் படியும். சுவர் வியர்க்கும், துணி காயாது, அரிசி மூட்டையில் பூஞ்சை பிடிக்கும். அங்குள்ள வீட்டுப் பெண்ணுக்கு எதிரி குளிருமில்லை, காற்றுமில்லை, ஈரம்தான். ஈரம் உடம்புக்குள் புகுந்தால் கை கால் கனக்கும், பசி மந்தமாகும், நாக்கில் மாவு படியும் என்பார்கள். ஆகவே சூப். மாவுச்சத்து நிறைந்த குட்சு கிழங்கு, சிறு செம்பயறு, ஆற்று மீன், உலர்ந்த ஆரஞ்சுத் தோல் ஒரு துண்டு, இவற்றைப் பானையில் போட்டு இரண்டு மூன்று மணி நேரம் சிறுதீயில் வைப்பார்கள். சின்ஹுய் ஊரில் பல ஆண்டுகள் பதப்படுத்திய ஆரஞ்சுத் தோலுக்குத் தனி மதிப்பு. வெள்ளை அவரை விதையும் ஈரத்தை விரட்டும் பொருள்களில் ஒன்று. நம் கொல்லைப் பந்தலில் காய்க்கும் அதே அவரை இனம்தான்! வடக்கே ஷான்சி (Shanxi) மாநிலத்தில் ஜிங்ஜே நாளில் பேரிக்காய் தின்பார்கள். அங்கே தொண்டை வறளும் வறட்சி. ஒரே நாடு, ஒரே மாதம், ஒரே மருத்துவம். ஓர் ஊரில் உடம்பை நனைக்கிறார்கள், இன்னோர் ஊரில் உலர்த்துகிறார்கள்.

இதைச் சொல்லிவிட்டு ஓர் எச்சரிக்கை சொல்லாமல் போனால் நான் கடமை தவறியவன் ஆவேன். வசந்தம் கல்லீரலின் காலம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, கல்லீரலைச் சுத்தம் செய்யும் பொடி, மாத்திரை, மூலிகைத் தேநீர் என்று உலகெங்கும் விற்கிறார்கள். இணையத்தில் நம் வீட்டுக்கே வந்துவிடுகின்றன. நலமான கல்லீரலுக்கு யாரும் வந்து சுத்தம் செய்ய வேண்டியதில்லை. கழிவை நீக்குவதே அதன் வேலை. இன்னும் கொடுமை, கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் பலம் தரும், நரையைக் கறுப்பாக்கும் என்று புகழ்பெற்ற ஹெ ஷௌ வு என்ற வேர், கல்லீரலையே பாதிக்கக்கூடியது. சீன அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே 2014-இல் இதுபற்றி எச்சரித்தது. செந்நிற கோஜிப் பழம் தீங்கில்லாத பண்டம்தானே என்று நினைக்கலாம். ஆனால் இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அது இரத்தப்போக்கு ஆபத்தைக் கூட்டியதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. நீரிழிவோ இதய நோயோ இருந்து மருந்து சாப்பிடுபவர்கள், உங்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்தப் பொடியையும் வாயில் போடாதீர்கள். தயவுசெய்து போடாதீர்கள்.

மரம், மண், உயிராற்றல் என்ற விளக்கத்தை இன்றைய உடலியல் ஏற்கவில்லை. அது அக்காலத்தவர் உலகைப் புரிந்துகொண்ட ஒழுங்கு. அந்த ஒழுங்குக்குள் அவர்கள் செய்துவந்த செயலைத் தனியே எடுத்துப் பாருங்கள். கொழுப்பும் உப்புக்கண்டமுமாகக் கழிந்த குளிர்காலத்துக்குப் பின் பச்சைக்கீரை. வேகவைத்த, எளிதில் செரிக்கும் கஞ்சி. குறைந்த மது. விடியலில் நடை. கோபம் தவிர். இதில் எதை ஒரு நல்ல மருத்துவர் மறுப்பார்? சீன அரசு 2002-இல் உணவாகவும் மருந்தாகவும் பயன்படும் பொருள்கள் என்று 87 பெயர்களை வரையறுத்தது. இஞ்சி, இலந்தை, ஷான்யாவ், ஆரஞ்சுத் தோல், வெள்ளை அவரை எல்லாம் அதில் உண்டு. ஹெ ஷௌ வு இல்லை. அடுப்படிக்கு உரியது எது, வைத்தியர் கைக்கு உரியது எது என்ற எல்லைக்கோடு அந்த நாட்டிலேயே போடப்பட்டிருக்கிறது. விற்பவர்கள்தான் அதை அழிக்கிறார்கள்.

நாம் என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். சென்னையில் பிப்ரவரி மாதம் பெய்ஜிங்கின் பிப்ரவரி ஆகாது. அங்கே உடம்பைச் சூடாக்கும் காரம் நமக்கு ஏப்ரல் வெயிலில் எதற்கு? அவர்களுக்குச் சியாங்சுன் தளிர்விடும் அதே வாரங்களில், அதே தாவரக் குடும்பத்து வேம்பு நம் தெருவில் பூத்துக் கொட்டுகிறது. சித்திரை முதல் நாள் பச்சடியில் அந்தப் பூவைப் போட்டுவிட்டு, மறுநாளிலிருந்து மறந்துவிடுகிறோம். பெரும்பொழுது ஆறு என்று பிரித்துவைத்த தமிழர்களின் சமையலறையில் இன்று ஆண்டு முழுக்க அதே முட்டைக்கோசும் அதே கேரட்டும்தானே இருக்கின்றன! இந்த வாரம் நம் வயல்வரப்பில் என்ன கீரை முளைத்திருக்கிறது என்று இந்த அரங்கில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? எனக்கு இது உண்மையிலேயே வருத்தம். கோஜிப் பழம் வாங்கும் காசுக்குக் கீரைக்காரம்மாவிடம் ஒரு வாரக் கீரை வாங்கலாம். அவரிடம் பேச்சுக் கொடுத்தால் எந்தக் கீரை எப்போது வரும் என்றும் சொல்வார்.

கடைசியாக ஒன்று. மே 5-ஐ ஒட்டி வசந்தம் முடிந்து லிச்சியா, கோடை தொடங்கும் நாள் வரும். யாங்சி ஆற்றின் தென்கரை ஊர்களில் அன்று ஒரு வழக்கம். ஊர் நடுவே பெரிய தூக்குக்கோலைக் கட்டி, ஒரு முனையில் கூடையையோ நாற்காலியையோ தொங்கவிடுவார்கள். பிள்ளைகளும் பெரியவர்களும் ஒவ்வொருவராக உட்கார, எடை பார்ப்பார்கள். எடை பார்ப்பவர் ஆளுக்கேற்ற வாழ்த்துச் சொல்லிக் கோலின் குண்டை உள்ளிருந்து வெளியே நகர்த்துவார். வெளியிலிருந்து உள்ளே நகர்த்தினால் எடை குறையும், அது அபசகுனம் என்பார்கள். அன்றைய சாப்பாடு புதிதாகப் பறித்த மொச்சை போன்ற பெரும்பயறும், அவித்த முட்டையும். முட்டையை நூல் வலையில் போட்டுக் குழந்தையின் கழுத்தில் தொங்கவிடுவதும் உண்டு. கோடை முடிந்ததும் மறுபடி எடை பார்த்து, வெயிலில் யார் எவ்வளவு மெலிந்தார்கள் என்று கணக்கிடுவார்கள். மெலிந்தவருக்கு அன்று இறைச்சி சமைத்துப் போடுவார்கள்.